மூடி போட்ட பிறகு

கீழக்கரையில் ஒரு வீடு. வீட்டுக்காரக் காக்கா துபாயில் இருக்கிறார். இந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அம்மாவை உம்மா. கேட்பதும் பார்ப்பதும் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். கீழும் மேலும் முழு வயரிங்கும் என் கையால் செய்தது. முடித்துக் கொடுத்து எட்டு மாதம் இருக்கும், மாடியில் கூடுதலாக ஒரு பாயின்ட் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனதும் வழக்கம்போல டிபியை, அதாவது வீட்டுக்குக் கரண்ட் பிரிந்து போகும் பெட்டியை, திறந்தேன். கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். விழவில்லை. மறுபடி அமுக்கினேன். லிவர் அசையாமல் நின்றது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஆர்சிசிபியில் மாட்டியிருந்த சிவப்பையும் கருப்பையும் பிடுங்கி, பின்னாலேயே தனித்தனியாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஆர்சிசிபி மட்டும் எந்த வயரும் இல்லாமல் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இன்வெர்ட்டர் மாட்ட வந்த தம்பிதான் பாத்தாரு. அந்தச் சுவிட்ச் சும்மா சும்மா விழுந்துச்சு. சரி பண்ணிட்டேன்னாரு" என்றார் காக்காவின் உம்மா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்க வேலையிலதான் ஏதோ கோளாறுன்னும் சொன்னாரு."

கோளாறு என்னவென்றால், இன்வெர்ட்டருக்குப் பேஸை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்துவிட்டு, நியூட்ரலை அதற்குப் பின்னால், நியூட்ரல் வயர்கள் சேரும் பாரில் கொடுத்திருக்கிறார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் ஒரே வேலை. ஒரு வழியில் போய் வேறு வழியில் வந்தால் விழத்தானே செய்யும்? அந்த நியூட்ரலை இடம் மாற்றினால் தீர்ந்தது.

பின்வாசலில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஈரத்தரை, வெறுங்கால். எங்கள் கரையில் உப்புக்காற்று பித்தளை முனைகளைச் சீக்கிரமே பச்சைக் களிம்பாக்கிவிடும். எர்த் பைப்பைத் துரு தின்றுவிடும். அந்த ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அரை நொடிக்குள் விழுந்துவிடும். பக்கத்தில் இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபி அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால்தான் விழும், அந்தக் கசிவைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. எட்டு மாதத்தில் எத்தனை நாள் அந்த அம்மா அங்கே நின்று துணி போட்டிருப்பார் என்று கணக்குப் போட்டேன். வயிற்றைக் கலக்கியது.

ஏசிக்காரர் ஓட்டை போடும்போது பைப்பை அறுப்பது, ஆசாரி டிவி யூனிட்டுக்கு ஸ்குரு இறக்கி வயரைக் குத்துவது எல்லாம் சகஜம். அதிலாவது பியூஸ் போகும், புகை வரும், நாலு பேருக்குத் தெரியும். இது அப்படியில்லை. எல்லா லைட்டும் எரியும்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. உச்சிப்புளிப் பக்கம் ஹெல்ப்பராக இருந்த காலத்தில் மாடிப்படி டூ வே சுவிட்சுக்கு ஒரு வயர் குறைந்தது. புதிதாக இழுக்கச் சோம்பல். வேறொருவர் போட்டு வைத்த பச்சை வயரைக் கரண்ட் ஓடும் லைனாக்கிவிட்டு வந்தேன். பச்சை என்றால் எர்த் என்று நம்பித்தானே அடுத்து வருபவன் கை வைப்பான்? அந்த வீடு இப்போது எந்தத் தெருவில் என்பதுகூட ஞாபகமில்லை.

இப்போதெல்லாம் பூச்சுக்கு முன்னால் சுவரில் அளவு டேப் பிடித்துப் பைப் போகும் வழியைப் போட்டோ எடுத்துக் கொடுக்கிறேன். வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரின் ரீடிங்கைத் தேதியோடு டிபி கதவின் உள்பக்கம் எழுதுகிறேன். மூடி ஸ்குருவின் தலையில் மகளின் நெயில் பாலிஷை ஒரு பொட்டு வைக்கிறேன். யாராவது திருகினால் விரிசல் விடும். மகளுக்கு இதில் கோபம்.

கீழக்கரை வீட்டில் நியூட்ரலை மாற்றி, ஆர்சிசிபியைத் திரும்ப மாட்டினேன். பட்டனை உம்மாவையே அமுக்கச் சொன்னேன். டப்பென்று விழுந்து வீடு இருண்டதும் திடுக்கிட்டார். மாசம் ஒருதரம் இப்படி அமுக்கிப் பாருங்கள் என்றேன். காக்காவுக்கு விளக்கமாக வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது.

போன வாரம் ஃபேன் மாட்ட அதே வீட்டுக்குப் போனேன். நான்கு பொட்டில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஃபேனை ஓரமாக வைத்துவிட்டு டெஸ்டரை எடுத்தேன்.