மராத்தான் பயிற்சியும் ஒரு 1400 கலோரித் தாளும்

எடை குறைக்க வருகிறவர்களுக்கென்று அச்சடித்து வைத்திருக்கும் டயட் தாளை, வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிற ஒருத்தியிடம் நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு வயது 38, எடை 56 கிலோ, உயரம் 158 செ.மீ. பாளையங்கோட்டையில் வீடு. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. பத்து கிலோமீட்டர், அரை மராத்தான் எல்லாம் ஒழுங்காக ஓடி முடித்தாயிற்று. அடுத்து ஓட நினைத்த முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர் என்பதால், ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று விவரம் தெரிந்தவரிடமே கேட்டுவிடலாம் என நினைத்து ஊரில் உள்ள ஒரு உணவு ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். பணம் கட்டி, டோக்கன் வாங்கி, மத்தியானம் வரை காத்திருந்தேன். உள்ளே போனதும் எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள். எவ்வளவு தூரம் ஓடுகிறேன் என்று கேட்கவே இல்லை. நானாகச் சொன்னதற்கு வந்த பதில்: "ஓடுறீங்களா மேடம்? ரொம்ப நல்லது, இன்னும் சீக்கிரம் குறையும்."

"எனக்குக் குறைய வேண்டாம் சார், ஓடுறதுக்குச் சாப்பாடு எவ்வளவுன்னுதான் கேக்க வந்தேன்" என்றேன். "எல்லாருக்கும் இதுதான்" என்று தாள் கைக்கு வந்தது. 1400 கலோரி. தேங்காய், நல்லெண்ணெய், கருப்பட்டி மூன்றையும் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். படித்தவர் சொல்கிறார் என்று அப்படியே கடைப்பிடித்தேன்.

அப்புறம் நடந்தவை ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தன. சீவலப்பேரி ரோட்டில் வழக்கமாக ஓடும் தூரத்துக்கே கால் கனத்தது. ராத்திரி தூக்கம் உடைந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி, தொட்டால் சுரீர் என்றது. மாதவிலக்கு தள்ளிப் போய், பிறகு வராமலே நின்றது. மறுபடி அதே நிலையத்துக்குப் போனால், தாள் கொடுத்தவர் லீவு. முன்னால் இருந்த பெண், "அடுத்த பேக்கேஜ் கட்டினாத்தான் சார் பாப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது ஒரு மகளிர் மருத்துவர். கர்ப்பம், தைராய்டு, ரத்தசோகை மூன்றுக்கும் பரிசோதனை எழுதிவிட்டு, "வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுதீங்க? என்னென்ன சாப்பிடுதீங்க?" என்றார். டயட் தாளைக் காட்டினேன். பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. ஓட்டத்துக்குப் போக மிச்சமிருக்கும் சக்தி உடம்புக்குப் போதாவிட்டால், அது முதலில் மாதவிலக்கை நிறுத்தும், எலும்பில் கை வைக்கும் என்று விளக்கினார். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் உடம்புக்குச் சக்தி போதாமல் போவது) என்று பெயர் வைத்து அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. ஓட்டப் பயிற்சியைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார்.

அந்த ஓய்வில்தான் கணக்கை நானே போட உட்கார்ந்தேன். ஓய்வில் இருக்கும் உடம்புக்கு நாளுக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று சொல்லும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990-இல் வந்தது. கிலோவில் எடையை 10-ஆல் பெருக்கி, செ.மீ.-இல் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். அதிலிருந்து பெண்கள் 161 கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். எனக்கு 1197 வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு இவ்வளவு வேண்டும். உட்கார்ந்த வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சேர்த்து 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1676. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், 55 கிலோ எடையுள்ள, அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு 1660 என்று இருக்கிறது. இரண்டும் ஒட்டி வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதற்கு மேல் ஓட்டம். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கலோரி. வாரம் 60 கிலோமீட்டருக்கு 3360, நாளுக்கு 480. ஆகமொத்தம் 2150-க்கு மேல். எனக்குக் கொடுத்தது 1400!

அந்த 1400-இல் ஓட்டத்துக்கான 480 போனால் மிச்சம் 920. கொழுப்பு நீக்கிய என் உடல் எடை சுமார் 42 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 22 கலோரி. 30-க்குக் கீழே போகக் கூடாது, 45 பக்கம் இருந்தால் நல்லது என்பது விளையாட்டு மருத்துவத்தில் எல்லாரும் சொல்லும் அளவு. இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு அழுகையே வந்தது. அந்த நிலையத்தில் யாராவது ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1.4-க்குப் பதில் 'கடுமையான பயிற்சி' என்று 1.725-ஐப் போட்டால் அதிலேயே ஓட்டம் அடங்கிவிடும். அதன் மேல் மறுபடியும் கிலோமீட்டர் கணக்கைக் கூட்டக் கூடாது.

ஓடும்போது கைக்கடிகாரம் காட்டும் கலோரியை நம்பாதீர்கள். மே மாதம் நம் ஊரில் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வெயில் ஏறிவிடும். உஷ்ணத்தில் இதயத் துடிப்பு கூடும், கடிகாரம் அதை உழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். 15 கிலோமீட்டருக்கு 840 வர வேண்டிய இடத்தில் எனக்கு 1200-க்கு மேல் காட்டியது. ஆனால் ஆடிக் காற்றில் எதிர்த்து ஓடுவதும், மணிமுத்தாறு பக்கம் மேட்டில் ஏறுவதும் நிஜமாகவே கூடுதல் செலவு. அந்த நாட்களில் நான் ஒரு வாழைப்பழம் கூடச் சாப்பிடுகிறேன்.

சாப்பாட்டுக் கலோரியைக் கணக்கிடும் ஆப் இன்னும் மோசம். 'ரைஸ்' என்று மட்டும் போட்டிருக்கும், அரிசியா சாதமா என்று சொல்லாது. 300 கிராம் சாதத்துக்கு 1050 கலோரி காட்டியது. அது வேகாத அரிசியின் கணக்கு. சாதமாகப் பார்த்தால் 390 பக்கம்தான். நம் ஊர்ச் சாப்பாடு எதுவும் அதில் சரியாக இல்லை. சொதி கிடையாது, உளுந்தஞ்சோறு கிடையாது.

அதனால் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏட்டி, சோத்தப் போயி நிறுத்தா திங்க?" என்று ஒரே சத்தம். தட்டில் நிறுப்பதை விட்டுவிட்டுப் பானையோடு நிறுக்க ஆரம்பித்ததும் அவளே கைகொடுத்தாள். உளுந்தஞ்சோறு என்றால் அரிசி 300 கிராம், தொலி உளுந்து 100, தேங்காய்த் துருவல் 60, நல்லெண்ணெய் 15. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1735 கலோரி. வெந்த பிறகு பானையை நிறுத்து, வெறும் பானையின் எடையைக் கழித்தால் 1200 கிராம் சோறு. என் தட்டில் 350 கிராம் விழுந்தால் சுமார் 500. வெறும் பானையின் எடையை அடியில் பெயிண்டில் எழுதி வைத்துவிடுங்கள், தினமும் நிறுக்கத் தேவையில்லை. எள்ளுத் துவையலைத் தனியாகக் கணக்குப் பண்ணுங்கள். எண்ணெயைக் கண்ணளவில் விடாதீர்கள், ஒரு கிராமுக்கு 9 கலோரி.

தாளில் சிவப்பு மையில் அடித்தவைதான் என்னை மீட்டன. 50 கிராம் உளுந்து மாவு, 40 கிராம் கருப்பட்டி, 20 கிராம் நல்லெண்ணெய் சேர்த்து அம்மா கிண்டித் தந்த உளுந்தங்களி 500 கலோரிக்குக் கிட்டே வருகிறது. ஓட்டத்துக்கு வேண்டிய 480 அதிலேயே வந்துவிடும். பெரியவளான பிள்ளைக்கு நம் வீடுகளில் கொடுக்கிற அதே களிதான்.

மாதவிலக்கு திரும்பி வந்த பிறகுதான் மருத்துவர் நீண்ட ஓட்டத்துக்குச் சம்மதித்தார். எலும்பு வலியும் அதற்குள் போயிருந்தது. இப்போது நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் சட்னி இல்லாமல் சீனி தொட்டு இரண்டு இட்லி. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பார்கள், எனக்குக் கருப்பட்டித் துண்டும் வாழைப்பழமும் ஒத்துப்போகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கடலையில் உள்ள கொழுப்பு ஓடும்போது வயிற்றில் நிற்கும்.

28 கிலோமீட்டர் ஓடும் நாளில் என் கணக்கு 3200-ஐத் தாண்டுகிறது. அன்றைக்கே அவ்வளவும் இறங்காது. மறுநாள் ஓய்வு என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், பாக்கி அன்றைக்குத்தான் தீரும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது இறங்கிக்கொண்டே போனாலோ, மாதவிலக்கு தள்ளினாலோ, சூத்திரம் என்ன சொன்னாலும் 200 கலோரி கூட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ஓடின கிலோமீட்டர் குறிப்பையும் சாப்பாட்டுக் குறிப்பையும் கையோடு கொண்டு போங்கள்.