எத்தனை வருஷம்? – தி ஹேக் நாட்குறிப்பு

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். இங்கே வேலை நாள், பள்ளி நாள். ஆறரை மணிக்கு இருட்டில் எழுந்து குக்கரில் வைத்தேன். சூரியன் வர எட்டே முக்கால் ஆகிவிட்டது, அதுவும் மேகத்துக்குப் பின்னால். சின்னவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். பெரியவள் இரண்டு வாய் எடுத்துவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

இங்கே இன்னும் எத்தனை வருஷம் என்று நேற்று ராத்திரி கேட்டதற்கு இவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

சர்வதேசப் பள்ளியின் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டேன், ஒரு கட்டம் தவிர. நெதர்லாந்தில் எவ்வளவு காலம் இருப்பதாகத் திட்டம்?

அரசு மானியம் வாங்குகிற சர்வதேசப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி வரும். பெற்றோரில் ஒருவராவது வெளிநாட்டவராக இருக்க வேண்டும், இங்கே குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை பார்க்க வேண்டும், அதற்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும். கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் அரசு அங்கே பணம் போடுகிறது. இங்கேயே தங்கப்போகிறவர்கள் டச்சுப் பள்ளிக்கு வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். நியாயமாகத்தான் படுகிறது. நாங்கள் எந்த வகை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இவரிடம் காட்டினேன். "பார்க்கலாம்" என்றார்.

ஜனவரி 18

அத்தை வீடியோவில் வந்ததும் முதல் கேள்வி: "எப்பம்மா வர்றீங்க?"

ஜனவரி 25, சனி

ஒரு தனியார் பள்ளியில் திறந்த நாள். இந்த ஊரில் சர்வதேச நீதிமன்றம், யூரோபோல், தூதரகங்கள் என்று இவ்வளவும் இருப்பதால் இந்த மாதிரிப் பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிரிட்டிஷ் பள்ளி 1931இலிருந்து நடக்கிறது. பக்கத்தில் வாசெனாரில் அமெரிக்கப் பள்ளி. வந்திருந்த பெற்றோரில் பாதிப் பேருக்குக் கட்டணம் அலுவலகக் கணக்கில் போகிறது என்பது பேச்சிலேயே தெரிந்தது. யாரும் தொகையைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20,000 யூரோவுக்கு மேல். மானியப் பள்ளியில் தொடக்க வகுப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம்.

அரங்கம், இசை அறை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் காட்டினார்கள். நான் ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தார்கள். பின்னங்கள். தப்பாகப் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் ஆசிரியை சிவப்பில் அடிக்காமல், "இந்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று எழுதியிருந்தார். திருச்சியில் ஒரு வகுப்புக்கு ஐம்பது நோட்டு திருத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வரி போதும், அங்கேயே சேர்த்திருப்பேன். 20,000 இரண்டு தடவை.

வெளியே வந்ததும் இவர் நல்ல காபி என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

ஜனவரி 29, புதன்

புதன்கிழமை அரை நாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பு ஆசிரியையை வாசலில் பார்த்தேன். பெரியவள் வகுப்பில் பேசுகிறாளா என்று கேட்டேன். நன்றாகக் கவனிக்கிறாள், சொல்வதைப் புரிந்துகொள்கிறாள், பேசவில்லை, அவசரப்பட வேண்டாம் என்றார்.

செப்டம்பரிலிருந்து பேசவில்லை. திருச்சியில் பள்ளி விழா என்றால் ஒலிபெருக்கியை அவளிடம்தான் கொடுப்பார்கள். ஒரு அதிகாரம் குறளை மூச்சு விடாமல் சொல்லுவாள். இப்போது வீட்டுக்குள்ளும் குரல் இறங்கிவிட்டது. இதை எந்தப் படிவத்திலும் கேட்க மாட்டார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கீழ்வீட்டுப் பெண் குரூப் 8 படிக்கிறாள், தொடக்கப் பள்ளியின் கடைசி வருஷம். வயசு பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடக்கிறது. அடுத்து எந்தப் பிரிவில் படிக்கலாம் என்று அவளுக்குப் பள்ளியின் தற்காலிகப் பரிந்துரை வந்துவிட்டதாம்: ஹாவோ. அவளுடைய அம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னார், கண் சிரிக்கவில்லை.

மேலே வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை. எட்டாவது வருஷ முடிவில் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். வே-எம்-பே-ஓ நான்கு வருஷம், தொழில் பக்கம் போகும். ஹாவோ ஐந்து வருஷம், தொழில்சார் உயர்கல்வி. வே-வே-ஓ ஆறு வருஷம், நேராகப் பல்கலைக்கழகம். ஜனவரியில் பள்ளியின் பரிந்துரை, பிப்ரவரிக்குள் தேர்வு, மார்ச் 24க்குள் இறுதி முடிவு. பிறகு ஒரே வாரத்தில் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அடுத்த பள்ளிக்குப் பதிவு செய்ய வேண்டும். தேர்வில் பரிந்துரையைவிட மேலே வந்தால் பள்ளி பொதுவாக ஏற்றித்தர வேண்டும், கீழே வந்தால் இறக்க முடியாது. அந்த விதி நல்ல விதி.

நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப்பா தேர்ட் குரூப்பா என்று பிரிப்பதே எனக்குப் பிடிக்காது. பதினைந்து வயசுப் பிள்ளைகள் ஆசிரியர் அறை வாசலில் அழுதுகொண்டு நின்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இங்கே பன்னிரண்டு வயசிலேயே. அடுத்த பிப்ரவரியில் என் பெண்ணுக்கு அந்தத் தேர்வு. கணக்கில் அவளுக்குப் பயமில்லை. ஆனால் இங்கே கணக்குகூடக் கதையாகத்தான் வரும், அதுவும் டச்சில்: யான் கடைக்குப் போனான், பாலாடைக்கட்டி வாங்கினான். கதை புரியாமல் கணக்கு எப்படிப் போடுவாள்?

வந்து நான்கு வருஷம் ஆகாமல், மொழியும் போதாமல் இருந்தால் தேர்விலிருந்து விலக்கு உண்டாம். அப்போது எல்லாமே ஆசிரியை எழுதுகிற பரிந்துரைதான். ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளையைப் பற்றி ஒரு ஆசிரியை என்ன எழுதுவார்?

பிப்ரவரி 8, சனி

பால் க்ரூகர் தெருவில் முருங்கைக்காய், கறிவேப்பிலை. கடைக்காரப் பாட்டி சுரிநாம்காரர், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. அவருடைய முன்னோர்கள் கல்கத்தாவில் கப்பலேறி சுரிநாமின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1873இல் போன முதல் கப்பலின் பெயர் லல்லா ரூக், அந்தப் படம் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. என்னை "பேட்டி" என்பார், இந்தியில் மகள். என் இந்தியும் அவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சமம்.

பள்ளியைப் பற்றிக் கேட்டேன். தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் மகனை அந்தக் காலத்தில் கீழ்ப்பிரிவில் போட்டார்களாம். நல்ல பையன், ஆனால் பெயரும் முகமும் நம்மைப் போல என்றார். அங்கே நான்கு வருஷம் முடித்து ஹாவோவில் இரண்டு, அப்புறம் வே-வே-ஓவில் இரண்டு. மற்றவர்கள் ஆறு வருஷத்தில் போன இடத்துக்கு எட்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். இப்போது கணக்குத் தணிக்கையாளர். கதவு மூடாது பேட்டி, ஆனால் சுற்றி நடக்க வைப்பார்கள் என்றார்.

முருங்கைக்காய்க்குக் காசு குறைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 11

தைப்பூசம். மழை. பெரியவள் பேசவில்லை.

மார்ச் 12, புதன்

மாண்டிசோரி பள்ளி ஒன்றைப் பார்த்தேன், டச்சுவழி. கட்டணம் இல்லை. விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று ஒரு சின்னத் தொகை, கொடுக்காவிட்டால் பிள்ளையை எதிலிருந்தும் ஒதுக்கக் கூடாது என்பது சட்டம். கத்தோலிக்கப் பள்ளி, புராட்டஸ்டன்ட் பள்ளி, மாண்டிசோரி பள்ளி, பொதுப் பள்ளி எல்லாவற்றுக்கும் அரசு ஒரே மாதிரிப் பணம் தருகிறது. 1917இல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்துவிட்டார்கள், இப்போது அது 23ஆவது பிரிவு. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இதுதான்.

சுவரில் மரியா மாண்டிசோரியின் படம். அந்த அம்மாள் 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் நடந்துகொண்டிருந்ததால் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்தார். 1946இல்தான் கிளம்பினார். கடைசியில் இங்கே கடலோரம், நோர்ட்வைக்கில், 1952இல் இறந்தார். கொஞ்ச நாளுக்கென்று மெட்ராஸ் வந்தவர், ஏழு வருஷம். அவரிடம் யாராவது படிவத்தில் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கொடைக்கானல் தெரிந்திருந்தது! அரை மணி நேரம் பேசினோம். பெரியவள் மணிச்சட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

சர்வதேசப் பள்ளியிலிருந்து மின்னஞ்சல். இரண்டு பேரும் காத்திருப்போர் பட்டியலில்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ஊரிலிருந்து வந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்டேவிட்டேன்.

நவம்பரில் இவருடைய ஒப்பந்தம் நிரந்தரமானது. அன்றைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நிரந்தர வேலைக்காரருக்கு "குறிப்பிட்ட காலம்" என்று அலுவலகம் எப்படிக் கடிதம் கொடுக்கும்? வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கான முப்பது சதவீத வரிச்சலுகை ஐந்து வருஷம்தான். அதற்குப் பிறகு கையில் வருவது குறையும். அதே ஐந்தாவது வருஷத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கும் விண்ணப்பிக்கலாம். எல்லாரும் அந்த ஐந்தைச் சுற்றியே பேசுகிறார்கள். என் கணக்கு வேறு. ஊருக்குத் திரும்புவதென்றால் பெரியவள் ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்குள் திரும்பியாக வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்பதாவதிலேயே பதிவு செய்கிறார்கள், நேராகப் பத்தில் சேர்ப்பது பெரும்பாடு. நான் அந்த வரிசையில் பெற்றோரை நிற்க வைத்தவள், எனக்குத் தெரியும். அப்படியானால் 2028. ஐந்து வருஷமெல்லாம் இல்லை. அதைத் தாண்டினால் அவள் இங்கேதான் படித்து முடிக்க வேண்டும். இங்கேதான் என்றால் டச்சு, இன்றிலிருந்தே, முழு மூச்சாக. இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலப் பள்ளியில் உட்கார்த்தி வைத்துவிட்டு, பதினான்கு வயசில் "சரி, இங்கேயே இருக்கலாம்" என்றால் அவளுக்கு எந்த ஊர்?

இவ்வளவும் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அம்மாவுக்கு எழுபத்திரண்டு ஆகுது" என்றார். அப்புறம் விளக்கை அணைத்தார்.

ஏப்ரல் 15

பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 26, சனி

மன்னர் தினம். 27ஆம் தேதி ஞாயிறு என்பதால் ஒரு நாள் முன்னதாக. தெரு முழுக்க ஆரஞ்சு, நடைபாதையில் துணி விரித்துப் பிள்ளைகள் பழைய பொம்மைகளை விற்கிறார்கள். கீழ்வீட்டுப் பெண் பெரியவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் மேலே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு குரல் கேட்டது. டச்சில். ஒரு பெரியவர் ஒரு யூரோவுக்கு பொம்மை வீட்டைக் கேட்கிறார். இரண்டு யூரோ, இதில் விளக்குகூட எரியும், இதோ பாருங்கள், என்று ஒரு பெண் குழந்தை மூச்சு விடாமல் பதில் சொல்கிறது. எட்டிப் பார்த்தேன். என் பெண்.

கீழே ஓடிப்போகக் கூடாது என்று என்னையே பிடித்து வைத்துக்கொண்டேன். இரண்டு யூரோவுக்கு விற்றாள். பிறகு அவரிடமே ஒரு புத்தகத்தையும் தள்ளிவிட்டாள்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றோம். பேசிக்கொள்ளாமல் இருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

மே 6, செவ்வாய்

விடுமுறை முடிந்தது. மொழி வகுப்பு ஆசிரியையே கூப்பிட்டுச் சொன்னார்: கோடை விடுமுறை முடிந்ததும் வழக்கமான வகுப்புக்குப் போகலாம். நான் பரிந்துரையைப் பற்றிக் கேட்டேன். மொழி மட்டும்தான் தடை என்றால், குரூப் 8 முடிந்தபின் ஒரு வருஷம் கூடுதலாக டச்சு படித்துவிட்டு மேல்நிலைக்குப் போக வகுப்புகள் இருக்கின்றன என்றார். அவள் கெட்டிக்காரி, அதை நான் எழுதுவேன் என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாண்டிசோரி பள்ளியிலும் இடம் இருக்கிறதாம்.

மே 15, வியாழன்

இப்போது போய் சர்வதேசப் பள்ளியில் இரண்டு பேருக்கும் இடம் வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். அலுவலகக் கடிதம் இணைக்க வேண்டும், அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

மே 19, திங்கள்

தூக்கம் இல்லை. சர்வதேசப் பள்ளி என்றால் ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டம், அதை வைத்து எந்த நாட்டுக்கும் போகலாம், ஊருக்கும் போகலாம். ஆனால் அங்கே கூடப் படிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். கீழ்வீட்டுப் பெண் சைக்கிளில் போகிற பள்ளிக்கு இவள் போக மாட்டாள். பெரியவள் இப்போது கனவில் டச்சு பேசுகிறாள், இரண்டு தடவை கேட்டேன். சின்னவனுக்கு எங்கே போட்டாலும் சரி, அவனுக்கு மணல் இருந்தால் போதும்.

அத்தை கேட்டால் இந்தத் தடவை ஃபோனை அவர் மகனிடமே கொடுத்துவிடப் போகிறேன்.

மே 22

கொடுத்துவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மே 28, புதன்

அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. நிரந்தர ஒப்பந்தம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், கூடவே: குடும்பம் 2028 ஜூலை வரை நெதர்லாந்தில் இருக்கும், அதன்பின் ஊழியர் சென்னை அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்.

இவருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், 2028 என்று யார் சொன்னது என்று.

"நீதானே சொன்ன, ஒன்பதாங் கிளாஸுன்னு" என்றார்.

கட்டத்தில் 3 என்று எழுதிவிட்டேன். இவர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். மாண்டிசோரி தலைமையாசிரியருக்கும் எழுத வேண்டும். பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை, கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.