சகுராவின் கூந்தலும் பாஞ்சாலியின் கூந்தலும்

அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன் கதைகளின் நாயகிகளுக்கு நீள முடி அழகா, குட்டை முடி அழகா என்று ரசிகர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அழகு இரண்டாம் பட்சம். அந்த முடி ஏன் வெட்டப்படுகிறது என்பதைத்தான் பார்ப்பேன்.

'நருட்டோ' என்ற அனிமே தொடரில் இளம் நிஞ்ஜாவான சகுரா முடியை நீளமாக வளர்ப்பதே, அவள் விரும்பும் சசுகேவுக்கு அது பிடிக்கும் என்று கேள்விப்பட்டதால்தான். நிஞ்ஜா தேர்வு நடக்கும் மரணக் காட்டில் எதிரி ஒருத்தி அதே முடியைப் பிடித்து இழுத்து அவளைத் தரையில் அமுக்குகிறாள். சகுரா குனாய் கத்தியை எடுக்கிறாள். எதிரியைக் குத்தப்போகிறாள் என்றுதான் நினைப்போம். தன் கூந்தலையே அறுத்துக்கொண்டு எழுகிறாள்! எப்போது பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கூந்தலைப் பற்றி இழுப்பது நமக்குப் புதிய கதையா என்ன? பாரதி 'பாஞ்சாலி சபத'த்தை எழுதியது எங்கள் புதுச்சேரியில்தான். முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. துச்சாதனன் இழுத்துவந்த கூந்தலைப் பாஞ்சாலி வெட்டவில்லை. அவன் இரத்தத்தையும் துரியோதனன் இரத்தத்தையும் பூசிய பிறகே முடிவேன் என்று விரித்துப் போட்டாள். ஒருத்தி அறுத்தாள், ஒருத்தி விரித்தாள். இருவரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும் என் தங்கை, கடற்காற்றில் சிக்கெடுத்து அலுத்துப்போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். "இனி உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று கேட்டார் அத்தை. அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் அடுத்த மாதம் இன்னும் குட்டையாக வெட்டப்போகிறாளாம். நானே அழைத்துப் போகிறேன்.