மேல் கேம் முந்திக்கொண்டது: என் காம்பவுண்டு வில்லைச் சரிசெய்த கதை

என் காம்பவுண்டு வில்லில் அம்பு இடம் வலம் விலகுவது பற்றி எனக்குக் குறையே இல்லை. 50 மீட்டர் தூரத்தில், 80 சென்டிமீட்டர் இலக்குத் தாளில், மூன்று அம்புகளும் ஒரு கை அகலத்துக்குள் செங்குத்தாக வரிசை கட்டி நின்றன. சிக்கல் மேலும் கீழும்தான். ஒன்று பத்துப் புள்ளி வளையத்தில் விழுந்தால் அடுத்தது மேல் எட்டில், அதற்கடுத்தது கீழ் எட்டில். ஆறு வாரம் இப்படியே போனது. பிடியை மாற்றிப் பார்த்தேன், தோளைத் தாழ்த்திப் பார்த்தேன், நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவியான ரிலீஸை இன்னும் மெதுவாக அழுத்திப் பழகினேன். எதுவும் அந்தச் செங்குத்து வரிசையைக் குறுக்கவில்லை.

ஒருநாள் மாலை, கண்ணை மூடிக்கொண்டு மிக அருகில் இருந்த மெத்தையில் அம்பு விட்டுப் பழகும்போதுதான் ஒன்று பிடிபட்டது. முழு இழுப்பின் கடைசியில், அதற்குமேல் நாண் வராமல் முட்டி நிற்கும் இடத்தை வில்லாளர்கள் சுவர் என்பார்கள். என் வில்லில் சுவர் ஒன்றாக இல்லை. முதலில் மெலிதாக ஒரு முட்டல். இன்னும் கொஞ்சம் முதுகைச் சேர்த்து இழுத்தால் பஞ்சுபோல் சற்று அமிழ்ந்து, அப்புறம் இரண்டாவது முட்டல். இரண்டுக்கும் நடுவே நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்று அம்பை விட்டுக்கொண்டிருந்தேன். கண் திறந்திருக்கும்போது கவனம் முழுக்க இலக்கில் இருந்ததால் கை சொன்னதைக் கேட்கவே இல்லை.

என்னுடையது இரட்டைக் கேம் வில். கேம் என்பது வட்டமில்லாத சக்கரம், லிம்ப் என்பது வில்லின் வளையும் கை. மேல் லிம்ப் நுனியில் ஒரு கேம், கீழ் லிம்ப் நுனியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் பெரிய தடத்தில் நாணும் சிறிய தடத்தில் கேபிளும் ஓடும். நாணை இழுக்க இழுக்க அது பெரிய தடத்திலிருந்து அவிழும், கேபிள் சிறிய தடத்தில் சுற்றிக்கொள்ளும். கேபிளின் மறுமுனை எதிர்ப்பக்கக் கேமின் அச்சில் மாட்டியிருப்பதால் இரண்டு லிம்பும் ஒன்றையொன்று நோக்கி வளையும். கேமின் வடிவம் வட்டமாக இல்லாததால்தான் உச்சத்தில் 54 பவுண்டு கேட்கிற வில், கடைசியில் 11 பவுண்டோடு கையில் அமைதியாக நிற்கிறது. ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-ல் காப்புரிமை பெற்ற முதல் காம்பவுண்டு வில்லிலேயே இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள் இருந்தன. இரண்டும் ஒத்துச் சுழல வேண்டும் என்ற கவலையும் அன்றிலிருந்தே கூட வருகிறது. ஒரு முனையில் மட்டும் கேம் இருக்கும் ஒற்றைக் கேம் வில் பிரபலமானதற்கு ஒரு காரணம் இந்தக் கவலையைக் குறைத்ததுதான். கேபிள்கள் அச்சில் மாட்டாமல் கேமிலிருந்து கேமுக்கே போகும் பைனரி கேமில் ஒன்று முந்தினால் மற்றது அதைப் பிடித்து இழுக்கும். என் வில்லில் அந்த வசதி இல்லை. ஒரு கேபிள் சற்று நீண்டுவிட்டால் அந்தப் பக்கக் கேம் தன் வழியே போய்விடும்.

அளவெடுப்பதிலிருந்து தொடங்கினேன். வில் புதிதாக வந்தபோது எழுதி வைத்த எண்கள் நோட்டில் இருந்தன. அச்சுக்கு அச்சு நீளம் 2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. உச்ச இழுப்பு எடை 54-லிருந்து 52.5 பவுண்டுக்கு இறங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே கேபிள் நீண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கேபிள் நீண்டால் லிம்ப் கொஞ்சம் நிமிரும், எடை குறையும், அச்சுகள் விலகும், கேம் சற்று முன்னாடியே சுழன்று நிற்கும். எந்தக் கேபிள் என்பதுதான் மிச்சம்.

அதற்கு டிரா போர்டு வேண்டும். ஒரு நீளப் பலகையின் ஒரு முனையில் வில்லின் பிடி உட்காரும்படி தடித்த முளை, மறுமுனையில் கையால் சுற்றும் வின்ச். வின்ச் கொக்கியை நாணில் கட்டிய சிறு கயிற்று வளையமான டி-லூப்பில் மாட்டி, நாணைப் பல் பல்லாக இழுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். கொக்கி நழுவினால் அம்பில்லாமல் வில்லை விட்டதுபோல் ஆகி லிம்பும் கேமும் உடையக்கூடும் என்பதால், கொக்கியோடு தனியாக ஒரு கயிற்றையும் கட்டினேன். இழுத்து நிற்கும் வில்லுக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது என்று கூட வந்த தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவனும் என்னோடு பயில்பவன்தான், கண் கூர்மை.

கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்று தோன்றியது. என் கேம்களில் டிரா ஸ்டாப் என்கிற சிறிய முளை லிம்பில் வந்து முட்டும் வகை. அதனால் இரண்டு லிம்பிலும், முளை வந்து தொடும் இடத்தில், ஒரு விரல் அகலக் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டோம். மேல் துண்டு தம்பி கையில், கீழ்த் துண்டு என் இடது கையில், வலது கை வின்ச்சில். டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக ஏற்றினேன். காகிதம் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு டக்.

"அண்ணா, நிறுத்துங்க. மேல பிடிச்சிடுச்சு. இழுத்தா வரல."

என் கையில் இருந்த துண்டு தாராளமாக வெளியே வந்தது. குனிந்து பார்த்தேன். கீழ் முளைக்கும் லிம்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வெளிச்சம். நான் ஆறு வாரமாகக் கையில் உணர்ந்த அந்தப் பஞ்சு இதுதான். மேல் கேம் முட்டி நின்றுவிட, நான் கூடுதலாக இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கீழ்க் கேம் மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. அது எவ்வளவு சுழன்றதோ அதற்கேற்ப நாக், அதாவது அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவு, நிற்கும் உயரமும் மாறியிருக்கும். அம்பு மேலும் கீழும் போனதில் வியப்பே இல்லை.

மேல் கேம் முந்துகிறது என்றால் அதன்மேல் சுற்றிக்கொள்ளும் கேபிளுக்கு முறுக்கு ஏற்ற வேண்டும். முறுக்கு ஏறினால் கேபிள் குறுகும், குறுகிய கேபிள் கேமைப் பின்னோக்கித் திருப்பி வைக்கும், ஸ்டாப்பை அடைய அது இன்னும் கொஞ்சம் சுழல வேண்டியிருக்கும். இவ்வளவு தெரிந்தும் முதல் தடவை தவறான கேபிளை முறுக்கினேன். மேல் அச்சில் இரு கால்களாகப் பிரிந்து மாட்டியிருக்கும் கேபிள் முனையான யோக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதுதான் மேல் கேபிள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த யோக்கின் மறுமுனை போவது கீழ்க் கேமுக்கு. ஒரு முழு முறுக்கு ஏற்றி மறுபடி போர்டில் வைத்தபோது இடைவெளி 5 மில்லிமீட்டர் ஆகிவிட்டிருந்தது. தொடங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஓர் இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்: கேபிள் எந்த அச்சில் மாட்டியிருக்கிறது என்பது கணக்கில்லை, எந்தக் கேமின் தடத்தில் சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. இப்போது நான் வேலையைத் தொடங்கும் முன் அந்தந்தக் கேபிளில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவிடுகிறேன்.

இதையெல்லாம் லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் பவ் பிரஸ்ஸில் வைத்துத்தான் செய்ய வேண்டும். இழுக்காமல் சும்மா தொங்கும் வில்லிலேயே கேபிள்கள் பெரும் இழுவிசையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பிரஸ் இல்லாமல் கழற்ற முயல்வது விரலையும் கண்ணையும் பணயம் வைப்பது. லிம்ப் நுனிகளைப் பிரஸ் மெதுவாக உள்ளே தள்ள, கேபிள் தொய்ந்ததும், கேமில் இருக்கும் முளையிலிருந்து அதன் கண்ணியை எடுத்தேன். கேபிளில் ஏற்கெனவே இருக்கும் முறுக்கின் திசையிலேயே ஒரு சுற்று, கண்ணியை மறுபடி மாட்டல், பிரஸ்ஸைத் தளர்த்தல், தடத்தில் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் ஓட்டிப் பார்த்தல். எதிர்த்திசையில் திருப்பினால் குறுகாது, நீளும். யோக் பக்கத்தைத் தொடாமல் கேம் பக்கக் கண்ணியில் திருப்பியதற்குக் காரணம் உண்டு: யோக்கின் இரு கால்களில் ஒன்று கூடிக் குறைந்தால் கேம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், அது வேறொரு தலைவலி.

தவறான முறுக்கைக் கழற்றி, சரியான கேபிளில் ஒன்று ஏற்றியதும் இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு வந்தது. இன்னொரு அரை முறுக்கு. போர்டில் ஏற்றினோம். டக், டக், டக். இரண்டு காகிதமும் ஒரே பல்லில் பிடித்தன. தம்பி துண்டை விடாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த நொடிக்காக மூன்று மணி நேரம் செலவழித்தது எனக்குத் துளியும் வருத்தமில்லை. உச்ச எடையும் 53 பவுண்டுக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. அச்சுக்கு அச்சு நீளத்தில் 1 மில்லிமீட்டர் திரும்பக் கிடைத்தது.

கீழ்க் கேபிளை அவிழ்த்தும் இதே பலனைப் பெற்றிருக்கலாமே என்று கேட்கலாம். பெற்றிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே குறைந்திருந்த எடை இன்னும் குறைந்திருக்கும். வில்லின் எண்கள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று முதலில் பார்த்ததால் எதை முறுக்குவது, எதை அவிழ்ப்பது என்ற முடிவு தானாக வந்தது.

போர்டு ஒத்துப்போனதோடு வேலை முடியவில்லை. வில்லைக் கையில் பிடித்து விடும்போது பிடியின் அழுத்தம் வேறு, பலகையின் முளை வேறு. அடுத்த வாரம் 30 மீட்டரில் கிடையாக ஒரு பட்டையான ஒட்டுநாடாவை இலக்கில் ஒட்டினேன். ஓர் அம்பைச் சுவரில் வலுவாக இழுத்துப் பிடித்து விட வேண்டும், அடுத்ததைச் சுவரிலிருந்து ஒரு மயிரளவு தளர்த்தி விட வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் விழுந்தால் கேம்களின் நேரம் ஒத்திருக்கிறது என்று பொருள். வேலை தொடங்கும் முன் இதே சோதனையில் இரண்டு வகை அம்புகளுக்கும் நடுவே 7 சென்டிமீட்டர் இருந்தது. இப்போது 3. குறைந்துவிட்டது, ஆனால் எனக்குப் போதவில்லை. மேல் கேபிளில் கால் முறுக்கு அவிழ்த்தேன். அதாவது மேல் கேம் காகிதக் கனத்துக்கு முந்துமாறு திரும்ப விட்டேன். இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. போர்டு காட்டும் சமநிலையிலிருந்து இந்த வில்லுக்கு ஒரு நூலிழை விலகல் பிடிக்கிறது. இன்னொரு வில்லுக்கு இது வேறாக இருக்கும். அதனால் என் எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாள் வழியே அம்பு விட்டுக் கிழிசலைப் பார்க்கும் காகிதச் சோதனையும் செய்தேன். முன்பு, இரண்டு மீட்டர் தள்ளி மாட்டிய தாளில் வால்பக்கம் மேலாக ஒரு விரற்கடை கிழிசல் வரும், டி-லூப்பை நகர்த்தினால் மறையும், அடுத்த அம்பில் மறுபடி வரும். அது ஏன் நிலையாக இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. நான் சுவரில் எவ்வளவு அழுத்தினேனோ அதைப் பொறுத்து கிழிசலும் மாறியிருக்கிறது. கேம்கள் ஒத்தபிறகு டி-லூப்பை ஒரே தடவை நகர்த்தினேன், துளை வட்டமாக நின்றது. இடப்பக்கம் மெலிதாக ஒரு கீறல் மட்டும் மிச்சம். கேமின் பக்கத்தில் ஓர் அம்பைப் படிய வைத்து அது நாணோடு எங்கே குறுக்கிடுகிறது என்று பார்த்தால் சிறு சாய்வு தெரிகிறது. யோக்கின் ஒரு காலில் அரை முறுக்கு ஏற்றி மறுகாலில் அரை முறுக்கு அவிழ்க்க வேண்டும். அதை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

எடை ஏறியதால், குறிபார்க்கும் கருவியான சைட்டில் தூரத்துக்கான குறிகள் எல்லாம் சற்று இடம் மாறின. ஒவ்வொரு தூரத்துக்கும் புதிதாக எழுதிக்கொண்டேன். நாணைத் தொடவில்லை என்பதால் நாணில் பொருத்திய குறிபார்க்கும் துளையான பீப் அதே முகமாக நிற்கிறது.

எல்லாம் ஒத்த நிலையில், இழுக்காத வில்லில், கேபிள் தடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் இரண்டு கேமிலும் வெள்ளி மையால் ஒரு மெல்லிய கோடு போட்டேன். இனி போர்டு இல்லாமலேயே, கேபிளுக்கு எதிரே கோடு நகர்ந்திருக்கிறதா என்று பையிலிருந்து எடுக்கும்போதே பார்த்துவிடலாம். 300 அம்புகளுக்குப் பிறகு நேற்று பார்த்தேன். கீழ்க் கோடு அப்படியே இருக்கிறது. மேல் கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. இரண்டு கேபிளும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு அம்பு விட்டவை, ஆனால் மேல் கேபிளில் கேமருகே சுற்றியிருக்கும் சர்விங் நூல் லேசாக விலகத் தொடங்கியிருப்பதை நகத்தால் தடவினால் உணர முடிகிறது. நீண்டது இழையா, சர்விங் நகர்ந்ததா என்று தெரியவில்லை. சர்விங்கின் விளிம்பிலும் ஒரு கோடு போட்டுவிட்டேன். அடுத்த 100 அம்புகள் முடிந்ததும் இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.