வாழைப்பூவில் தொடங்கிய உயிர்வேதியியல்

இளங்கலை உயிர்வேதியியலின் முதல் பருவத்தில், செல், கரிம மூலக்கூறுகள், நொதிகள் ஆகியவற்றைப் பற்றிய அடிப்படைத் தாளில் நான் தோல்வியடைந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் என்பதால் மொழிதான் என்னைத் தடுத்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் சில வாரங்கள் அப்படியே நம்பினேன். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. பெயர்களைக் கேட்ட வினாக்களுக்கு மதிப்பெண் கிடைத்திருந்தது. 'ஏன்' என்று கேட்ட இடங்களில்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அந்த அரியரை எழுதித் தேறினேன். இடைப்பட்ட மாதங்களில் நான் படித்த விதத்தை, இதே தாளில் திணறுபவர்களுக்காக எழுதுகிறேன்.

கரிம மூலக்கூறுகளிலிருந்து மீண்டும் தொடங்கினேன். எங்கள் வீட்டில் நெல் பயிரிடுகிறோம். அரிசியை நாங்கள் உண்கிறோம், வைக்கோலை மாடு தின்கிறது. அரிசியின் மாவுப்பொருளும் வைக்கோலில் உள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் அலகுகளாலேயே ஆனவை என்று படித்திருந்தும், அதன் வியப்பை நான் உணர்ந்திருக்கவில்லை. மாவுப்பொருளில் அந்த அலகுகள் ஆல்ஃபா பிணைப்பாலும் செல்லுலோசில் பீட்டா பிணைப்பாலும் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றாம் கார்பனில் பிணைப்பு நோக்கும் திசைதான் வேறுபாடு. அந்தத் திசையினால் ஒரு சங்கிலி சுருளாக வளைகிறது. மற்றொன்று நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி நாராகிறது. செல்லுலோசின் பிணைப்பை வெட்டும் நொதி நமக்கு இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை, அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே அந்த வேலையைச் செய்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகு, குளுக்கோஸ் வளையத்தை வரையும்போது ஹைட்ராக்சில் தொகுதியை மேலே போடுவதா கீழே போடுவதா என்ற ஐயம் எனக்கு வரவே இல்லை. புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களையும் இப்படியே, பக்கத்தொகுதி நீரை விரும்புகிறதா, விலக்குகிறதா, மின்னூட்டம் தாங்குகிறதா என்று பிரித்துப் படித்தேன்.

நொதிகள்தான் எனக்குக் கடினமாக இருந்தன. முதல் பருவத்தில், உமிழ்நீரில் மாவுப்பொருளை வெட்டும் நொதியான அமிலேஸின் சோதனையைச் செய்தபோது, நீர்க்காத உமிழ்நீரையே மாவுப்பொருள் கரைசலில் ஊற்றிவிட்டேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளியை எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் உள்ள அயோடின் துளியோடு கலந்து நிறத்தைக் குறிக்க வேண்டும். எனக்கோ முதல் துளியிலேயே நீலம் வரவில்லை. மாவுப்பொருள் கரைசல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பக்கத்தில் இருந்த தோழியின் அளவீடுகளைப் பார்த்து ரெக்கார்டில் எழுதினேன். அது தவறு என்று தெரிந்தே எழுதினேன்; அந்தத் தவறுதான் தேர்வில் என்னைக் கைவிட்டது என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் ஆசிரியையிடம் அனுமதி பெற்று அதே சோதனையை மீண்டும் செய்தேன். இம்முறை உமிழ்நீரைப் பத்து மடங்கும் இருபது மடங்கும் நீர்த்து, 37 டிகிரி செல்சியஸ் நீர்த்தொட்டியில் வைத்தேன். அடர்நீலம், ஊதா, செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் என்று நிறங்கள் வரிசையாக மாறின. அயோடின் மாவுப்பொருளின் சுருளுக்குள் அமர்வதால்தான் நீலம் தோன்றுகிறது. அமிலேஸ் சங்கிலியை வெட்டிவெட்டிக் குறுக்கும்போது அமர இடமின்றி நிறம் மங்குகிறது. நொதியின் அளவைப் பாதியாக்கியபோது மஞ்சளை அடைய ஏறக்குறைய இரட்டிப்பு நேரமாயிற்று. வினை நடந்ததா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நான், எவ்வளவு நேரத்தில் நடந்தது என்று கேட்கத் தொடங்கியது அன்றுதான். நொதி ஒரு வினையின் முடிவை மாற்றுவதில்லை, சமநிலையைத் தொடுவதில்லை. வினை தொடங்கத் தேவையான கிளர்வு ஆற்றலைக் குறைத்து வேகத்தை மட்டுமே மாற்றுகிறது என்ற வரியின் பொருள் அந்தப் பீங்கான் தட்டில்தான் எனக்கு விளங்கியது.

அதே நாளில் நொதிக் கரைசலை மேலும் இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைக் கொதிநீரிலும் வைத்துவிட்டுப் பின்னர் மாவுப்பொருளைச் சேர்த்தேன். இரண்டிலும் நீலம் மாறவில்லை. பிறகு இரண்டையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்தபோது, பனியில் இருந்தது வேலையைத் தொடங்கியது; கொதித்தது மீளவில்லை. கொதிநீர், புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்புகளை அறுத்துவிடுவதில்லை; மடிப்பைக் காக்கும் மெல்லிய பிணைப்புகளையே கலைக்கிறது. சங்கிலி அப்படியே இருந்தும், மடிப்பு குலைந்ததும், வினை நடக்கும் இடமான நொதியின் கிளர்வு மையம் உருவிழந்துவிடுகிறது. நொதி என்பது புரதம்தான் என்பதே ஒரு காலத்தில் பெரும் சர்ச்சையாக இருந்தது. வேட்டை விபத்தில் இளமையிலேயே ஒரு கையை இழந்த ஜேம்ஸ் சம்னர், ஒன்பது ஆண்டுகள் உழைத்து 1926இல் ஓர் அவரை வகையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்து அது புரதம் என்று காட்டினார். அப்போதும் பலர் ஏற்கவில்லை, நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. அறிஞர்களே அத்தனை காலம் எடுத்துக்கொண்ட ஒன்றை நான் ஒரு பருவத்தில் புரிந்துகொள்ளவில்லையே என்று வருந்துவதை அப்போது நிறுத்தினேன்.

செல்லையும் மூலக்கூறையும் நொதியையும் மூன்று தனித்தனி அலகுகளாகவே படித்துவந்த எனக்கு, அவற்றை ஒன்றாகக் காட்டியது வாழைப்பூ. அம்மா அதை நறுக்கி மோரில் போடுவார். "மோர்ல போட்டாத்தான் கறுக்காது" என்பதே அவர் அறிந்த காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நறுக்கிய பூவைத் தட்டில் ஒரு பங்கும், தண்ணீரில் ஒரு பங்கும், மோரில் ஒரு பங்கும் வைத்துப் பார்த்தேன். தட்டில் இருந்தது விரைவில் கறுத்தது, தண்ணீரில் இருந்தது தாமதித்துக் கறுத்தது, மோரில் இருந்தது நெடுநேரம் வெளுப்பாகவே இருந்தது. தாவரச் செல்லில் பீனால் சேர்மங்கள் நுண்குமிழ் என்ற பையிலும், அவற்றை ஆக்சிஜனேற்றும் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி கணிகங்கள் என்ற நுண்ணுறுப்புகளிலும் பிரிந்து கிடக்கின்றன. கத்தி பட்டுச் சவ்வுகள் கிழிந்ததும் இரண்டும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து கருநிறம் பிறக்கிறது. தண்ணீர் காற்றை ஓரளவு தடுக்கிறது. மோர் அதோடு தன் புளிப்பால் நொதியையும் அடக்குகிறது. செல்லுக்குள் ஏன் இத்தனை சவ்வுகள் என்ற வினாவுக்கு நான் தேர்வில் எழுதிய விடை இதுதான்.

நொதியின் வேகத்தைப் பற்றி மைக்கேலிஸ், மென்டன் இருவரும் 1913இல் தந்த சமன்பாட்டை எங்கள் வயல் நடவை வைத்துப் புரிந்துகொண்டேன். நடும் கைகள்தான் நொதி; நாற்று, நொதி வேலை செய்யும் பொருளான தளப்பொருள். நாற்று முடிகள் (கட்டுகள்) குறைவாக இருந்தால் நடும் கைகள் காத்திருக்கும்; முடிகளைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறும்; ஓர் அளவுக்கு மேல் வரப்பில் எத்தனை முடிகளைக் குவித்தாலும் வேகம் ஏறாது, ஏனென்றால் எல்லாக் கைகளிலும் நாற்று இருக்கிறது. அந்த உச்ச வேகத்தின் பாதியை எட்டத் தேவையான தளப்பொருளின் செறிவே மைக்கேலிஸ் மாறிலி. ஆட்களை இரட்டித்தால் உச்ச வேகம் இரட்டிக்கும், மாறிலி மாறாது. நாற்றைப் போலவே தோன்றும் களைப்புல் முடியில் கலந்திருந்தால் கை அதைப் பற்றி வீணாகும். நல்ல நாற்றை மிகுதியாகச் சேர்த்தால் அந்தத் தடை கரைந்துபோகும். போட்டித் தடுப்பான் என்பது இதுவே. மெத்தனால் நஞ்சேறியவருக்கு மருத்துவர்கள் எத்தனாலைச் செலுத்துவதும் இந்த முறையில்தான்: ஒரே நொதியை எத்தனால் பற்றிக்கொள்வதால், மெத்தனால் நச்சுப்பொருளாக மாறுவது தாமதமாகிறது.

செய்முறைத் தேர்வில் எனக்கு ஒரு வெள்ளைப் பொடியின் கரைசல் தரப்பட்டது. கார்போஹைட்ரேட்டைக் காட்டும் மோலிஷ் சோதனையில் ஊதா வளையம் வந்தது, அயோடினில் நிறம் வரவில்லை, ஒடுக்கும் சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் கரைசல் நீலமாகவே நின்றது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டுக் கொதிக்கவைத்து, சோடியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கி, பெனடிக்ட் சோதனையை மீண்டும் செய்தேன்; செங்கல் நிறம் வந்தது. குளுக்கோசின் ஒன்றாம் கார்பனும் ஃபிரக்டோசின் இரண்டாம் கார்பனும் ஒன்றையொன்று பிணைத்து ஒடுக்கும் திறனை மறைத்திருப்பதால், அது சுக்ரோஸ் என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், அமிலத்துக்குப் பதிலாக, சுக்ரோசை வெட்டும் இன்வர்டேஸ் நொதியைத் தந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். கொதிக்கவைத்திருக்க மாட்டேன் என்றும், மிதமான சூட்டில் வைத்துக் காத்திருந்து, நொதி தன் வேலையை முடித்த பிறகே பெனடிக்ட் கரைசலோடு சூடேற்றுவேன் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்து, ரெக்கார்டில் கையொப்பமிட்டுத் தந்தார்.