பெரும்பாக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கம்

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருப்பவர்கள் ஓ.பி. சீட்டில் அடிக்கடி பார்க்கும் வரி, "மாத்திரையை நிறுத்திவிட்டார்." படிக்கிறவருக்கு அது நோயாளியின் பிடிவாதமாகவோ வீட்டாரின் அலட்சியமாகவோ தெரியும். சென்னையின் தெற்கே உள்ள மறுகுடியமர்வுப் பகுதியான பெரும்பாக்கத்தில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, காரணம் எழுதாத அந்த வரியை நான் நம்புவதில்லை.

சென்னை ஆற்றங்கரைகளில் குடியிருந்த குடும்பங்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் இங்கே கொண்டுவந்தார்கள். எட்டடுக்குக் குடியிருப்புகள், எல்லா பிளாக்கும் ஒரே அச்சு. நான் பார்க்கும் ஓர் இளைஞருக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). பழைய இடத்தில் ராத்திரி அவர் எழுந்து நடந்தால், தெருமுனை டீக்கடைக்காரர் "வாப்பா, அம்மா தேடுது" என்று வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாராம். இங்கே வந்ததும் அந்தத் தெருக்காரர்கள் ஆளுக்கொரு பிளாக்காகச் சிதறிப்போனார்கள். ஒரு மாலை தன் வீடு என்று நினைத்து, பக்கத்து பிளாக்கில் அதே மாடியில் அதே இடத்தில் இருந்த கதவைத் தள்ளியிருக்கிறார். திருடன் என்று அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவே பயம்.

அவருக்கு மாத்திரை தரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அம்மா ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் அவருக்கு டிக்கெட் காசு இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால் மகனுக்கும் இலவசம்தான். அதை வாங்க அலைவதற்கும் லீவு வேண்டும். "பஸ்ல எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு பாதியிலேயே இறங்கிடுறான் மேடம்" என்றார் அம்மா.

இத்தனைக்கும் நடுவே அவருடைய மாத்திரை நின்றதற்கு உடனடிக் காரணம் லிஃப்ட். அது பழுதான நாட்களில் தண்ணீர்க் குடங்களை மாடிக்குத் தூக்க மகனை விட்டால் ஆள் இல்லை. ராத்திரி ஓலான்சபைன் (மனச்சிதைவுக்கான, தூக்கம் வரவைக்கும் மாத்திரை) போட்டால் விடியற்காலையில் அவரை எழுப்ப முடியாது. அதனால் அம்மாவே சில ராத்திரிகள் கொடுக்காமல் விட்டார், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அந்தத் தாயை எப்படிக் குறை சொல்வது?

அதே வீட்டில் பாட்டிக்கான பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பேரனின் மாத்திரைக்கு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நோயாளியை நெடுந்தூரம் பயணிக்க வைக்கக் கூடாது, சிகிச்சை அவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. வீடு ஒதுக்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். மனநோய் உள்ள குடும்பத்துக்குக் கீழ்த்தளத்தில் வீடு, பழைய அண்டை வீட்டார் இரண்டு பேராவது அதே பிளாக்கில். இதற்குத் தனியாக நிதிகூடத் தேவையில்லை.

இப்போது கேஸ் ஷீட்டில் எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணீர் யார் தூக்குகிறார்கள் என்பதையும் எழுதி அனுப்புகிறேன். இவர் விஷயத்தில் அதைப் படித்த டாக்டர், ராத்திரி மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றினார். ஊசி தவறாமல் நடக்கிறது. தனியாக வெளியே வரத்தான் அவர் இன்னும் தயாராகவில்லை.