காசு நம்முடையது, சுவிட்ச் அவர்களுடையது

நேற்று ராத்திரி போனில் வந்த அப்டேட்டைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிட்டேன். அப்புறம்தான் நோட் 7 கதை ஞாபகம் வந்தது.

2016 ஆகஸ்டில் சாம்சங் விற்பனைக்கு விட்ட போன். பேட்டரி தீப்பிடிக்கிறது என்று அடுத்த மாதமே திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்த போன்களில் அடையாளத்துக்காக திரையின் மேலே தெரியும் அந்தக் குட்டி பேட்டரிப் படத்தைப் பச்சையாக்கினார்கள். பச்சையும் எரிந்தது. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. திருப்பி அனுப்ப அமெரிக்காவில் தீத்தாங்கும் பெட்டி கொடுத்தார்கள், கூடவே கையுறை! நாம் தீபாவளிக்குக்கூடப் போட்டதில்லை.

அப்படியும் சிலர் போனைக் கொடுக்கவில்லை. டிசம்பர் 19 முதல் அங்கே சார்ஜே ஏறாதபடி ஒரு அப்டேட். அதை அனுப்ப வேண்டிய அமெரிக்க செல்போன் சேவை நிறுவனங்களில் வெரைசான் மட்டும் முதலில் மறுத்தது. பண்டிகைக்குப் பயணம் போகிறவர் அவசரத்துக்கு எதில் கூப்பிடுவார் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஜனவரியில் அவர்களும் வழிக்கு வந்தார்கள்.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் பையில் அது இருந்தால், 'முதலில் அதைச் சாகடியுங்கள்' என்று நானே கத்தியிருப்பேன். என் பையில் இருந்திருந்தால், 'போட்டோவெல்லாம் எடுத்துக்கிறேன், இன்னும் ரெண்டு நாள் விடுங்களேன்' என்று கெஞ்சியிருப்பேன்.